கார்த்திகைப் பூ வைத்த தொட்டி

நெட்டைப்பாறையில் மண் என்பதே கிடையாது. அடியிலிருந்து உச்சிவரை ஒரே கல். அங்கே போய் மடம் கட்டியவர் எந்தத் தைரியத்தில் கட்டினாரோ தெரியாது. ஒரு கீரை முளைக்க வேண்டுமென்றாலும் கீழே குளத்திலிருந்து வண்டல் சுமந்து வந்தாக வேண்டும். அதனால் மடத்தில் எல்லாமே தொட்டிதான். உடைந்த பானை, ஓட்டை அண்டா, தேய்ந்த உரல், எதையும் சும்மா விடமாட்டார்கள். மண்ணைப் போட்டு எதையாவது நட்டுவிடுவார்கள்.

மடத்தின் குரு சடைச்சியம்மாள். நாற்பது வயது இருக்கும். சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் பொன்னுலிங்கம் அண்ணாச்சி. கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். குருவும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணாச்சிக்குப் பயம். இன்னதற்கு என்று கிடையாது. பல்லி கத்தினால் பயம், கத்தாமல் இருந்தால் அதைவிடப் பயம். கடையைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மிளகில் பப்பாளி விதை கலந்திருக்குமோ என்று மூட்டையையே கொட்டிக் கிளறுவார். கடைசியில் அவர் மனைவியே சொல்லிவிட்டார்.

"மலைக்குப் போயி அந்தப் பயத்தை எங்கயாவது எறக்கி வச்சிட்டு வாங்க. கடையை நான் பார்த்துக்கிடுதேன்."

ஆடி மாதம் வந்து சேர்ந்தார். பாறைப் படியில் ஒரு சீடனின் தோளைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமல் ஏறி வந்தார். வந்ததும் வராததுமாகக் குருவிடம் கேட்டார்.

"அம்மா, என் பயத்தைப் பிடுங்கி எறியணும். உங்களால முடியுமா?"

சடைச்சியம்மாள் உரலில் நின்ற மருக்கொழுந்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பொங்கல் கழியட்டும்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"தொட்டி வைங்க."

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் கல்யாணமான ஜோடி மலைக்கு வந்தால் ஒரு தொட்டி கொடுத்து அனுப்புவார்கள். அதில் மூன்று செடி இருக்கும். ஒன்று நிமிர்ந்து நிற்க வேண்டும், ஒன்று இடத்தை அடைக்க வேண்டும், ஒன்று விளிம்பைத் தாண்டி வழிய வேண்டும். வாசலுக்கு என்று கேட்டால் பூவாகச் சேர்ப்பார்கள். அடுப்படிப் பக்கத்துக்கு என்றால் மிளகாய், கீரை, சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிக் கொடி. தொட்டியை வைத்த சீடர்தான் தன் கையால் அதைக் கொடுக்க வேண்டும்.

அண்ணாச்சி வைத்த தொட்டிகளைப் பார்த்தால் சிரிப்பு வரும். செடிகள் ஒன்றையொன்று தொடாமல் மூலைக்கு ஒன்றாக நின்றன.

"என்ன அண்ணாச்சி, எல்லாம் சண்டை போட்ட சம்பந்திக மாதிரி நிக்கி?" என்றார் குரு.

"பக்கத்துல வச்சா ஒண்ணை ஒண்ணு அழிச்சிருமோன்னு பயமா இருக்கும்மா."

"அழிக்கிறதும் உண்டு, தூக்கி விடுறதும் உண்டு. செடியை மட்டும் பார்க்காதீங்க. பக்கத்துல என்ன நிக்குன்னு பாருங்க."

அண்ணாச்சிக்கு ரோஷம் வந்தது. ஆவணியில் மலையடிவாரப் புதரிலிருந்து ஒரு கார்த்திகைப் பூக்கொடியை வேர்மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தார். செங்காந்தள் என்று படித்தவர்கள் சொல்வது. அவருக்கு அதைப் பூவாகத்தான் தெரியும். குச்சி நட்டு அதை நடுவில் ஏற்றிவிட்டார். சுற்றிலும் நித்தியகல்யாணி, விளிம்பில் பொடுதலை. இந்தத் தடவை மூன்றையும் நெருக்கியே வைத்தார்.

குரு வந்து பார்த்தார். தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நல்ல வாசல் தொட்டி. பூக்கும்போது தெரு நின்னு பார்க்கும்."

அண்ணாச்சிக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அத்தனை சந்தோஷம்.

மறுநாள் காலையில் எழுந்து வந்தால் மடத்து ஆடு பொடுதலையை ஒட்ட மேய்ந்துவிட்டு அசைபோட்டுக்கொண்டு நின்றது. கார்த்திகைக் கொடியை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஆட்டுக்கு இருந்த யோசனை அண்ணாச்சிக்கு அப்போது வரவில்லை. அவருடைய கவலையெல்லாம் வேறு. அந்தச் சந்தோஷத்தில் ராத்திரி கொட்டில் கதவைச் சாத்தாமல் விட்டது அவர்தான். படியில் ஒரு ஜோடி ஏறி வருவது வேறு தெரிந்தது. அம்மாவிடம் சொன்னால் ஏதாவது சொல்வார். நேற்றுப் பாராட்டிய வாயால் இன்றைக்குத் திட்டு வாங்க வேண்டும்.

அடுப்படித் தொட்டியிலிருந்து சீனிக்கிழங்குக் கொடியில் ஒரு துண்டைக் கிள்ளிவந்து பொடுதலை நின்ற இடத்தில் செருகினார். வழிவதற்குத்தானே, எந்தக் கொடியானால் என்ன என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

வந்த ஜோடி மலையடி ஊர்க்காரர்கள். மாப்பிள்ளை பெயர் மந்திரமூர்த்தி, பெண் சொர்ணம். சொர்ணம் தொட்டியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு சிரித்தபடியே படி இறங்கினாள்.

புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை போனது. மார்கழியும் போனது.

பொங்கல் அன்று காலையில் மடத்தில் கிழங்குத் தொட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தெற்குச் சீமையில் பொங்கலுக்குக் கிழங்கு இல்லாமல் படையல் கிடையாது. அண்ணாச்சி சீனிக்கிழங்குகளை மண் தட்டி முறத்தில் போட்டார். பக்கத்தில் வேறொரு சீடர் வைத்த தொட்டி, மேலே வெறும் காய்ந்த தண்டு. அதையும் கவிழ்த்தார். உள்ளே கலப்பை மாதிரி வளைந்த கிழங்கு. வண்டல் அப்பியிருந்ததால் சட்டென்று வித்தியாசம் தெரியவில்லை. அதையும் முறத்தில் போடப் போனார்.

"அண்ணாச்சி! அதைக் கீழ போடுங்க."

குரு அப்படிக் கத்தி அவர் கேட்டதே இல்லை.

"இது என்னதும்மா?"

"கார்த்திகைப் பூக்கிழங்கு. பூத்து முடிஞ்சா கொடி காஞ்சு மறைஞ்சிரும், கிழங்கு உள்ள கெடக்கும். ஒரு துண்டு வயித்துக்குள்ள போனாப் போதும், ஆளைக் கொண்டு போயிரும். கையைக் கழுவுங்க."

அண்ணாச்சி கையைக் கழுவப் போனார். போகிற வழியில் கால் நின்றுவிட்டது.

சொர்ணத்தின் தொட்டி ஞாபகம் வந்தது. அதிலும் கார்த்திகைக் கொடி காய்ந்து மறைந்திருக்கும். சீனிக்கிழங்குக் கொடி மட்டும் பச்சையாக வழிந்துகொண்டிருக்கும். தலைப்பொங்கல். புதுப்பெண் வெளியே கிழங்கு வாங்குவாளா, தன் வாசல் தொட்டியைத் தோண்டுவாளா?

  தோண்டியிருக்கமாட்டாள் என்று நினைத்துப் பார்த்தார். தோண்டினாலும் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துப் பார்த்தார். தனக்கே தெரியவில்லை என்பது உடனே ஞாபகம் வந்தது. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது என்றும் ஒரு நினைப்பு வந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அந்த நினைப்புக்குத்தான் அவர் அதிகம் பயந்தார்.

திரும்பி வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னார். ஆடு, பொடுதலை, கிள்ளிய கொடி, எல்லாம்.

சடைச்சியம்மாள் முறத்தைக் கீழே வைத்தார்.

"நடங்க."

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். நடங்க."

அண்ணாச்சி ஓடினார். தோள் பிடிக்க ஆள் தேடவில்லை. வழுக்குப் படியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இறங்கி, எழுந்து மறுபடி ஓடினார். வேட்டி கிழிந்தது. குரு பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தார். ஊருக்குள் எல்லா வாசலிலும் புகை. குலவைச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அது அழுகைச் சத்தமோ என்று இன்னும் வேகமாக ஓடினார்.

மந்திரமூர்த்தி வீட்டு வாசலில் அந்தத் தொட்டி கவிழ்ந்து கிடந்தது. மண் கொட்டியிருந்தது. முற்றத்தில் இலை போட்டுப் பொங்கலும் கிழங்கும் படைத்திருந்தார்கள். தோல் உரித்து, துண்டு போட்டு, வேகவைத்த கிழங்கு. ஆவி பறந்துகொண்டிருந்தது. மந்திரமூர்த்தி ஒரு துண்டை எடுத்து ஊதிக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சிக்குக் கத்த வாய் வரவில்லை. பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டார். அது போதாதென்று கிழங்குச் சட்டியைக் காலால் உதைத்தார். பொங்கல் பானையும் சேர்ந்து உருண்டது.

தலைப்பொங்கல் பானையை உதைத்தவனை எந்த ஊரில் சும்மா விடுவார்கள்? மந்திரமூர்த்தி அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்திவிட்டான்.

"கிறுக்குப் பிடிச்சிருக்காவே உமக்கு?"

"வெசம்" என்று மட்டும் அண்ணாச்சியின் வாயிலிருந்து வந்தது.

அதற்குள் குரு வந்துவிட்டார். அடுப்பருகே கிடந்த முறத்தில் வேகவைக்காத கிழங்கு ஒன்று மிச்சம் இருந்தது. வளைந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"யாராவது தின்னீங்களா?"

மந்திரமூர்த்தியின் பிடி தளர்ந்தது. சொர்ணம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெந்துட்டான்னு பார்க்க ஒரு துண்டு..."

"இனிச்சுதா?"

"சூடு. நாக்கு பொத்துப்போச்சு. ருசி தெரியலம்மா."

வைத்தியரைக் கூட்டிவந்தார்கள். அவர் எதையோ குடிக்கக் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தார்.

"தின்னது எதுன்னு நமக்குத் தெரியாது. பொழுது சாயுறதுக்குள்ள உடம்பு சொல்லிரும்" என்றார்.

 சொர்ணம் பாயில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இருமினால் எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் கண்ணை மூடினால் மந்திரமூர்த்தி பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தெருவில் பிள்ளைகள் கரும்பு தின்றுகொண்டு சத்தம் போட்டார்கள். உருண்ட பானையில் ஈ மொய்த்தது.

"இவளுக்கு ஒண்ணுன்னா நீங்க மலை ஏறமாட்டீங்க அண்ணாச்சி" என்றான் மந்திரமூர்த்தி. குரலில் கோபம்கூட இல்லை.

"ஏறல" என்றார் அண்ணாச்சி. அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குருவைத் தற்செயலாகப் பார்த்தார். சடைச்சியம்மாள் முந்தானை நுனியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார். விரல் வெளுத்துப்போயிருந்தது.

"அம்மா, உங்களுக்குப் பயமே கெடையாதுன்னு நினைச்சேன்."

"யாரு சொன்னா?"

 வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. சுவரில் இருந்து ஓட்டுக்குப் போனது.

சொர்ணம் எழுந்து உட்கார்ந்தாள். 

"பசிக்கி" என்றாள்.

மந்திரமூர்த்தி தலையில் கைவைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான். வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டுக் கஞ்சி வைக்கச் சொன்னார். அண்ணாச்சி போய் உருண்ட பானையை நிமிர்த்தி வைத்தார். 

மறுநாள் காலையில் இருவரும் மலை ஏறினார்கள். அண்ணாச்சி மடியில் அந்த வளைந்த கிழங்கை முடிந்து வைத்திருந்தார். உச்சிக்கு வந்ததும் எடுத்து நீட்டினார்.

"இதை அடுப்புல போட்டு எரிச்சிருதேன்."

"எதுக்கு? ஆவணியில முளைக்கும். வாசல் தொட்டியில வைங்க."

"திரும்பவுமா?"

"பக்கத்துல நித்தியகல்யாணி வைங்க. பொடுதலை வைங்க. அடுப்புக்குப் போற எதையும் வைக்காதீங்க. ஆடு மேஞ்சா வந்து சொல்லுங்க."

அண்ணாச்சி கிழங்கைத் திரும்ப மடியில் முடிந்துகொண்டார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பொங்கல் கழிஞ்சிட்டும்மா. ஆடி மாசம் நான் ஒண்ணு கேட்டேன்."

"பயத்தைப் பிடுங்கணும்னீங்க."

"ஆமா."

சடைச்சியம்மாள் அவருடைய கிழிந்த வேட்டியையும், சிராய்த்துப்போன முழங்காலையும் பார்த்தார்.

"ஆடு மேஞ்ச அன்னைக்கு உங்க வாயை அடைச்சது அதுதான். நேத்து உங்களை மலையை விட்டு எறக்குனதும் அதேதான். ஒரே கிழங்கு அண்ணாச்சி. சொல்லுங்க, பிடுங்கிரட்டுமா?"

அண்ணாச்சி வெறும் தொட்டி ஒன்றை இழுத்து வைத்து மண்ணை அள்ளிப் போட ஆரம்பித்தார்.