ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை

கிடாயின் விலை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதில்தான் மூன்று பேரும் கெட்டார்கள்.

கோழி விற்றுப் பெண்டாட்டி சேர்த்த ஆயிரம் ரூபாய் சோணையிடம் இருந்தது. மழைக்கு முன் கூரைக்குத் தகரம் வாங்கக் கொடுத்தது. வாங்கினானா? இல்லை. அண்ணன் ஒச்சுவையும் மைத்துனன் மொக்கையையும் கூட்டிக்கொண்டு, உசிலம்பட்டியில் ஷேர் வியாபாரம் சொல்லித்தரும் வாத்தியாரிடம் போனான்.

"கைமுதல் சின்னதா இருந்தா சரக்கை வாங்காதீங்க. இன்ன நாளுக்குள்ள இன்ன விலைக்கு வாங்குற உரிமைக்கு மட்டும் அச்சாரம் போடுங்க. அதே விலைக்கு விக்கிற உரிமைக்கும் ஒண்ணு போடுங்க. ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம். இதுதான் ஆப்ஷன்" என்றார் அவர். விலை அசையாமல் நின்றால் ரெண்டு அச்சாரமும் போய்விடும் என்றும் சொன்னார். அதற்குள் இவர்கள் படியிறங்கிவிட்டார்கள்.

ஷேரெல்லாம் எதற்கு? ஊரிலேயே பக்கத்து வீட்டு இருளப்பனின் கிடாய் இருந்தது. திருவிழாவுக்குள் அதை ஒன்பதாயிரத்துக்கு வாங்கும் உரிமைக்கு அவனிடம் ஐந்நூறு. விலை இறங்கினால் அதே ஒன்பதாயிரத்துக்குத் தலையில் கட்டும் உரிமைக்குக் கறிக்கடை காதரிடம் ஐந்நூறு.

அன்றே ஆலோசனை.

"ஏறினாலும் லாபம், இறங்கினாலும் லாபம்னாரே. ரெண்டும் நடந்தா?" என்றான் ஒச்சு.

மொக்கை விரல் விட்டு எண்ணினான். "ரெண்டு லாபம், மாமா."

"அப்ப ரெண்டையும் நடத்திருவோம்."

காலையில் சோணையும் ஒச்சுவும் கிடாய்க்குப் புண்ணாக்கு ஊட்டினார்கள், விலை ஏற. சாயங்காலம் மொக்கை அதைக் கண்மாய்க் கரையில் நாக்குத் தள்ள ஓட்டினான், விலை இறங்க. இருளப்பன் திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். தீனி மிச்சம், அவனுக்கென்ன.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சோணைக்குக் கூரைத் தகரம் ஞாபகம் வந்தது.

"அண்ணே, காலையில நாம ஏத்துறதைச் சாயங்காலம் இவன் இறக்கிடுறானே?"

"அவன் வேலையை அவன் பாக்குறான். நீ ஒழுங்கா ஊட்டினா அது ஏன் இறங்குது?"

"கூட ரெண்டு பிடி வைங்க மாமா" என்றான் மொக்கை, பெருந்தன்மையாக. "நானும் கூட ரெண்டு சுத்து ஓட்டுறேன்."

திருவிழா அன்று காதர் கிடாயைத் தூக்கிப் பார்த்தார். முதுகைத் தடவினார். "அன்னைக்கும் ஒன்பதாயிரம், இன்னைக்கும் ஒன்பதாயிரம். அச்சாரம் எனக்கு."

"எனக்கும்" என்றான் இருளப்பன்.

ஒச்சு பெருமூச்சு விட்டான். "நாமதான் சோம்பேறித்தனமா இருந்துட்டோம்."

சோணையின் பெண்டாட்டி வந்தாள். கிடாயைப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது. இளைத்திருந்தது இந்த மூன்று பேர். சோணை தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அவனைத் தாண்டிப் போனாள். இருளப்பனிடமும் காதரிடமும் சொன்னாள். "அச்சாரத்தை வச்சுக்கங்க. கூடவே இவுக மூணு பேரையும் வச்சுக்கங்க. அடுத்த திருவிழா வரைக்கும் காலையில இருளப்பன் வீடு, சாயங்காலம் காதர் பாய் கடை."

ரெண்டு ஐந்நூறும் அந்த நிமிஷமே அவள் கைக்கு வந்தன.

காப்பாற்றியது கிடாய்தான் என்று மூன்று பேரும் முடிவுகட்டினார்கள். கடன் சொல்லி மாலை வாங்கிப் போட்டார்கள். கிடாய் மாலையைத் தின்றது.

"ஐயையோ, ஏறுது மாமா" என்று மொக்கை கயிற்றை அவிழ்த்துக் கண்மாய்ப் பக்கம் ஓட்டினான். "இறங்கிடும்டா" என்று புண்ணாக்குச் சட்டியோடு ஒச்சு பின்னால் ஓடினான். சோணை எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நடுவில் நின்றான்.

கயிற்றைப் பிடுங்கிக் கிடாயைக் கட்டிப்போட்டு, அந்த ஆயிரத்துக்குத் தகரம் வாங்கி மூன்று பேர் தலையிலும் ஏற்றியவள் சோணையின் பெண்டாட்டிதான். பேர் சின்னப்பேச்சி.