புலிகிட்ட ஈடு வச்ச வீடு

மலையும் காடும் முட்டிக்கிற இடத்துல ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊரு கடைசி வீட்டுல பூவாத்தான்னு ஒருத்தி, அவ மக மருதி, ரெண்டே பேரு. புருஷன் செத்துப்போயிட்டான். ஒரு ஐப்பசி மழையில வீட்டுச் சுவரு பொத்துன்னு விழுந்துபோச்சு. கடன் கேட்டு ஊருக்குள்ள போனா, ஒருத்தன் இல்லேங்கிறான், ஒருத்தன் நாளைக்கு வான்னு சொல்றான், ஒருத்தன் கதவையே சாத்திட்டான்.

அழுதுகிட்டே வர்றா, காட்டோரத்துல ஒரு புலி உக்காந்திருக்கு. பேசுற புலி. வழியில போற யாவாரிங்களை அடிச்சுத் தின்னுட்டு, அவங்க மடியில இருந்த பொன்னையெல்லாம் குகையில குமிச்சு வச்சிருக்கிற புலி. அது சொல்லுச்சு: "ஏன் அழுகிற பூவாத்தா? நான் பொன்னு தர்றேன். உன் வீட்டை எங்கிட்ட ஈடு வையி. ஒரு வருசக் கெடு. திருப்பிக் குடுத்தா வீடு உனக்கு, இல்லேன்னா வீடும் ஆளும் எனக்கு."

இவளுக்குப் பயந்தான். மழையோ விடல. வீட்டுல மக சாக்கைப் போத்திக்கிட்டு நனையிறா. சரின்னுட்டா.

சுவரை எழுப்பிட்டா. ஆனா கம்பு வெளையல, கடனை அடைக்க முடியல. வருசம் முடிஞ்ச அன்னிக்குப் பொழுது சாயுது, வாசல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. பூனை அடுப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிச்சு.

"பூவாத்தா, கெடு முடிஞ்சுபோச்சு."

"புலியண்ணே, புலியண்ணே, இன்னும் ஒரு வருசம் மாத்திக் குடு."

"மாத்துறேன். ஆட்டைக் குடு."

ஆட்டைக் குடுத்தா. மறு வருசமும் வந்துச்சு, "மாட்டைக் குடு"ன்னுச்சு, மாட்டைக் குடுத்தா. மூணாம் வருசம் மாட்டுக் கொட்டம் காலி. புலி கதவிடுக்குல மூக்கை வச்சு மோந்து பாத்துச்சு. "உள்ள யாரு, மருதியா? நல்லா வளந்துட்டா போலயே?"ன்னுச்சு.

ஏய், போர்வையை நீ மட்டும் இழுக்காத, அவளுக்கும் போத்து. ம், கேளு.

பூவாத்தா மகளை இழுத்துத் தனக்குப் பின்னால நிறுத்திக்கிட்டா. அப்பறம் சொன்னா: "தர்றேண்ணே. இன்னும் ஒரு மாசம் கெடு மாத்திக் குடு, கூடக் கொஞ்சம் பொன்னும் குடு. வீட்டுக்குப் பின்னால கல்லுல ஒரு அறை சேத்துக் கட்டிர்றேன். அப்பறம் வீடு, அறை, பொண்ணு, எல்லாம் உனக்குத்தான்."

வீடு பெருத்தா ஈடும் பெருக்குமேன்னு புலிக்கு நாக்குல எச்சி ஊறிப்போச்சு. பொன்னைக் கொண்டாந்து கொட்டுச்சு.

தாயும் மகளும் கல்லு சுமந்தாங்க, மண்ணு கொழைச்சாங்க, கட்டினாங்க. மருதி ராவெல்லாம் தூக்கத்துல கத்துவா. பகல்ல புலி வந்து சுத்திச் சுத்திப் பாக்கும்.

"என்ன பூவாத்தா, சன்னலே காணோம்?"

"வாடைக்காத்து அடிக்கும்ணே."

"பின்சுவத்துல என்ன பொந்து?"

"கழுவுன தண்ணி போகணும்ணே."

"தாழ்ப்பாளு ஏன் வெளியில?"

"பொண்ணு ஓடிப்போயிட்டா என்னண்ணே பண்றது?"

அதுவும் சரிதான்னு புலி போயிருச்சு.

கெடு நாளு வந்துச்சு. மருதியை அறைக்குள்ள உக்கார வச்சா. புலி உள்ள நுழைஞ்சதும் மக பொந்து வழியா வெளிய போயிரணும், ஆத்தா வெளிய நின்னு தாழைப் போட்டுரணும். அதான் பேச்சு. புலி வந்துச்சு, வாசப்படியில நின்னுச்சு, அவ மூஞ்சியைப் பாத்துச்சு.

"நீ முன்னால போ பூவாத்தா, நான் பின்னால வர்றேன்."

ஐயோ, என்ன செய்வா பாவம்! உள்ள போயிட்டா. பின்னாலயே சூடா மூச்சு. மகளைப் பொந்துகிட்டத் தள்ளிட்டு, சேலையை விரிச்சு மறைச்சுக்கிட்டு நின்னா. புலி அண்ணாந்து பாத்துச்சு. "இந்தச் சுவரு எனக்கு, இந்தத் தரை எனக்கு, இந்தக் கூரை எனக்கு"ன்னு சொல்லிக்கிட்டே சுத்துச்சு. அதுக்குள்ள மருதி வெளிய போயிட்டா, சுத்தி ஓடியாந்து கதவைப் பிடிச்சுட்டா. ஆனா கை ஓடல. ஆத்தா உள்ள இருக்காளே!

"போடுடி தாழை!"ன்னு கத்துனா பூவாத்தா.

தடால்! போட்டுட்டா.

புலி திரும்புச்சு. பூவாத்தா பொந்துல தலையைக் குடுத்தா. தோளு வெளிய போச்சு, இடுப்பு மாட்டிக்கிச்சு. புலி குதிகாலைக் கவ்விருச்சு. மருதி ஓடியாந்து ரெண்டு கையையும் பிடிச்சு இழு இழுன்னு இழுத்தா. ஆத்தா ரத்தம் சொட்டச் சொட்ட வெளிய வந்து விழுந்தா, குதிகாலுச் சதை புலி வாயிலயே போயிருச்சு. ஆட்டுக்கல்லை உருட்டிப் பொந்தை அடைச்சாங்க.

உள்ள புலி உறுமுச்சு, கெஞ்சுச்சு, அழுதுச்சு. "ஈடே வேணாம் பூவாத்தா, தொறந்து விடு!"

"என் மகளைக் கேட்டப்பவே அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சுண்ணே"ன்னா அவ.

பட்டினி கெடந்தே புலி செத்துப்போச்சு. அப்பறந்தான் ஊருக்காரங்க எட்டிப் பாத்தாங்க. குகையில இருந்த பொன்னை, புலி அடிச்சுச் செத்த யாவாரிங்களோட புள்ளைங்களைத் தேடிக் குடுத்தா பூவாத்தா. சாகுற மட்டும் நொண்டி நொண்டித்தான் நடந்தா, ஆனா சொந்த வீட்டுல நடந்தா.

அடுத்தவன் கூரைக்கு ஆசைப்பட்டவன் வெளிய வந்ததில்ல. புலி போச்சு குழிக்கு, கதை போச்சு காட்டுக்கு, நீங்க போங்க தூக்கத்துக்கு.