நவாபின் தூக்கமும் பராஅத் இரவும்

மரைக்காப்பட்டணத்து நவாபு தங்கமான மனுஷர். தொழுகைப் பாயில் உட்கார்ந்தால் மட்டும் தூக்கம் வந்துவிடும். போன வருஷம் பராஅத் இரவில், பள்ளிவாசலில் மூன்றாம் முறையாக யாசீன் அத்தியாயம் ஓதும்போது அவர் விட்ட குறட்டையை ஊரே கேட்டது.

இந்த வருஷம் பராஅத் அன்று காலையிலேயே சபையில் மார்க்கம் படித்த இரண்டு ஆலிம்களுக்குள் வழக்கு. இது பாவமன்னிப்பு இரவு, கூடி விழித்து ஓத வேண்டும் என்றார் ஹபீபு லெப்பை ஆலிம். இந்த ஒரு ராவுக்கென்று தனி வணக்கத்தை நபிகள் நாயகம் (ஸல்) காட்டித் தரவில்லை என்றார் சதக்குத் தம்பி ஆலிம். ராத்திரி தூங்கலாமே என்று நவாபுக்கு உள்ளுக்குள் குஷி. ஒருவர் சொல்தான் சட்டம், மற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும், சாயங்கால அசர் தொழுகை முடிந்ததும் மந்திரி மக்தூம் நெய்னா தீர்ப்புச் சொல்லட்டும் என்று உத்தரவு போட்டார். போகிற போக்கில் மந்திரிக்குச் சதக்குத் தம்பி பக்கம் கண்ணையும் காட்டினார்.

நெய்னாவுக்கு இரண்டு பக்கமும் சொந்தம். ஹபீபு லெப்பை அவர் பெண்டாட்டி மரியம் பீவியின் காக்கா, அதாவது அண்ணன். சதக்குத் தம்பியோ சம்பந்தி.

பகல் சாப்பாட்டில் மரியம் பீவி மீன் துண்டை வைத்துக்கொண்டே சொன்னாள்: “எங்க காக்கா போனா நானும் கூடப் போயிடுவேன். சம்பந்தி போனா நம்ம மவளும் போயிடுவா. அப்புறம் நீங்களே ஆக்கித் தின்னுக்குங்க.”

அசருக்குப் பிறகு சபை கூடியது. நெய்னா எழுந்தார்.

“ஹுஸூர், சதக்குத் தம்பி ஆலிம் சொல்வதே சட்டம்.”

ஹபீபு லெப்பை முகம் வெளுத்தது. நவாபு தலையணையை நினைத்துக்கொண்டு தாடியைத் தடவினார்.

“ஆலிம்சா, அப்படீன்னா இன்னிக்கு ராத்திரி ஹுஸூர் தூங்கலாமா?” என்று நெய்னா பணிவாகக் கேட்டார்.

சதக்குத் தம்பிக்குக் கோபமே வந்துவிட்டது. “தூங்கச் சொன்னது யாரு? எல்லா ராவும் மன்னிப்புக் கேக்குற ராவுதான். ஒரு நாள் மட்டும் எந்திரிச்சாப் போதாது, தினமும் விடியக்காலை சுபுஹு தொழுகைக்கு முன்னாடி எந்திரிச்சுத் தொழணும்னுதானே சொல்றேன்.”

“சட்டமாச்சே ஹுஸூர். இனி தினமும் அந்நேரத்துக்கு அரண்மனைக் கதவைத் தட்டச் சொல்லி பாங்கு சொல்ற மோதினாரிடம் சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார் நெய்னா.

நவாபுக்குப் புரை ஏறியது. ஒரு செம்புத் தண்ணீரும் குடித்துவிட்டு மெல்லச் சொன்னார்: “ஹபீபு லெப்பை ஊரிலேயே இருக்கட்டும்பா. வருஷத்துக்கு ஒரு ராத்திரி. நான் தாங்கிக்கிறேன்.”

“அப்ப சதக்குத் தம்பி ஆலிம்?”

“அவரும் இருக்கட்டும். அரண்மனைக்குப் பகல்ல மட்டும் வரச் சொல்லு.”

சொல்லிவிட்டு நவாபே முதலில் சிரித்தார். அவர் தோளில் கிடந்த சால்வை நெய்னாவின் தோளுக்குப் போனது.