தேதி இல்லாதவர்

"எனக்குத் தேதி இல்லை, ஐயா."

தன் வீடான குருமனையின் தோட்டத்தில் புடலங்காய் நுனியில் கல் கட்டிக்கொண்டிருந்த போதகர் ஆமோஸ் திரும்பிப் பார்க்கவில்லை. காய் கோணாமல் வளர வேண்டுமே என்ற கவலை அவருக்கு.

"என்ன தேதி, அண்ணாச்சி?"

"இரட்சிக்கப்பட்ட தேதி."

சொன்னவர் தேவபிச்சை. வயது அறுபத்தேழு. சீயோன்விளை தபால் ஆபீசில் முப்பது வருஷம் போஸ்ட்மாஸ்டராக இருந்தவர். ஊர்க் கடிதங்களுக்கெல்லாம் தேதி முத்திரை குத்தியவருக்குத் தனக்கென்று ஒரு தேதி இல்லாமல் போய்விட்டது.

போதகருக்கு வயது முப்பத்துநான்குதான். ஆனால் பத்து நிமிஷத்தில் பிரசங்கத்தை முடித்துவிடுகிறவர். அதனாலேயே அவர் சொல்வதில் ஏதோ இருக்கும் என்று சபையில் ஒரு பேச்சு உண்டு.

"தேதி எதுக்கு?"

"என்ன ஐயா இப்படிக் கேக்கிய? சாட்சி சொல்லுதவங்க எல்லாம் தேதியோடதான சொல்லுதாங்க."

அது உண்மை. சீயோன்விளையில், ஆண்டவர் தன்னைப் பாவத்திலிருந்து மீட்டதைச் சபையில் சாட்சி சொல்ல எழுந்தால் முதலில் தேதிதான் வரும். எந்த வருஷம், என்ன கிழமை, எந்தப் பிரசங்கியார் என்று வரிசையாக வரும். பால்துரை நாடார் நேரம்கூடச் சொல்வார், மாலை ஆறு நாற்பது. தேவபிச்சையின் மனைவி ரஞ்சிதத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. கலியாண நாளை மறந்தாலும் அதை மறக்கமாட்டாள்.

தேவபிச்சையும் முயற்சி செய்யாமல் இல்லை. வருஷா வருஷம் கன்வென்ஷன் கூட்டத்தில், "இரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று சொல்லும்போதெல்லாம் கையைத் தூக்கினார். இருபத்திரண்டு வருஷம். கை தூக்கியவர்களின் பெயரும் தேதியும் எழுதும் தீர்மான அட்டையைக் கொண்டுவருகிற செல்வின் தம்பி இப்போதெல்லாம் பெயரைக் கேட்பதில்லை. அவனாகவே எழுதிக்கொள்வான்.

கையைத் தூக்கும்போது உள்ளம் நிறைந்துதான் இருக்கும். வீட்டுக்கு வந்து, மோட்டார் ஏன் ஓடவில்லை என்று ரஞ்சிதத்திடம் ஒரு சத்தம் போட்டதும் எல்லாம் வடிந்துவிடும். அடுத்த வருஷம் மறுபடியும் கை.

"இத்தனை வருஷம் பொறுத்தீங்க. இப்ப என்ன அவசரம்?"

"வியாழக்கிழமை ஆபரேஷன், ஐயா. நெஞ்சைப் பிளக்கப் போறாங்க. மயக்க மருந்து குடுத்தா கண்ணு மூடிரும். திரும்ப எங்க திறப்பேன்னு தெரியணும்லா?"

தேவபிச்சை துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

போதகர் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார்.

"ஆஸ்பத்திரி ஃபாரம் எல்லாம் எழுதியாச்சா?"

இதுதானா கேட்கிற கேள்வி என்று தேவபிச்சைக்கு இருந்தது. "எழுதியாச்சு."

"பிறந்த தேதி என்ன போட்டீங்க?"

"ஜூன் ஒண்ணு."

"உண்மையான தேதியா?"

அழுகையின் நடுவே தேவபிச்சைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது பள்ளிக்கூடத்துல சார்வாள் போட்டது. எங்க அம்மைக்கு எங்க தேதி தெரியும்? பெருமழை பேஞ்ச வருஷம்னு சொன்னா."

"அப்ப நீங்க பிறந்ததுக்கு நிச்சயம் இல்லை."

"ஐயா, நான் உங்க முன்னாலதான நிக்கேன்?"

"நிக்கிறீங்க" என்று போதகர் ஒத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அந்த சார்வாள் எப்படி?"

தேவபிச்சையின் முகம் மாறிவிட்டது. வேதக்கண் சார்வாளைப் பற்றி யார் கேட்டாலும் அந்த முகம் அப்படித்தான் மாறும்.

"நல்ல மனுஷன் ஐயா. அவர் இல்லன்னா எனக்கு எழுத்தே தெரியாது. அப்பல்லாம் ஒண்ணாங்கிளாசுல சேக்கணும்னா தலைக்கு மேல கையைக் கொண்டுபோயி மறுபக்கத்துக் காதைத் தொடணும். தொட்டாத்தான் அஞ்சு வயசு. தொடலைன்னா அடுத்த வருஷம் வான்னு அனுப்பிருவாங்க."

"தெரியும்."

"எனக்கு அடுத்த வருஷம் கிடையாது. எங்க அப்பா ஒரு வீட்டுல ஆடு மேய்க்க என்னைய விடுறதாப் பேசி முடிச்சிட்டார். அம்மைக்கு மனசு கேக்கல. அன்னைக்கு என்னையக் குளிப்பாட்டி, நடந்தே கூட்டிட்டுப் போனா. வழியெல்லாம், கையை நல்லா நீட்டுலே, நல்லா நீட்டுலேன்னு சொல்லிட்டே வந்தா."

"நீட்டுனீங்களா?"

"உயிரைக் குடுத்து நீட்டுனேன். எட்டலை. ரெண்டு விரக்கடை பாக்கி. தலையைச் சாய்ச்சுப் பாத்தேன், அப்பவும் எட்டலை. அம்மை சுவரு பக்கமாத் திரும்பிட்டா."

தேவபிச்சை தன்னையறியாமல் இடது காதைத் தடவிக்கொண்டார்.

"சார்வாள் எந்திரிச்சு வந்தாரு. என் காதைப் பிடிச்சு மேல இழுத்தாரு பாருங்க, பிஞ்சிரும்னு நினைச்சேன். இழுத்து என் விரல்ல வச்சிட்டு, சின்ன சாரைப் பாத்து, 'தொட்டுட்டான், எழுது'ன்னாரு. பிறந்த தேதி என்ன போடன்னு சின்ன சார் கேட்டதுக்கு, 'ஜூன் ஒண்ணு போடு'ன்னாரு. மத்தியானம் சோறும் போட்டாங்க."

சொல்லி முடித்துவிட்டு அவர் காத்திருந்தார். போதகர் வேத வசனம் ஏதாவது சொல்வார், தலையில் கைவைத்து ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தார்.

போதகர் கல்லை எடுத்து அடுத்த புடலங்காயில் கட்டினார்.

"எந்தக் காது, அண்ணாச்சி?"

"இடது காது."

"சரி. சாயங்காலம் கன்வென்ஷன் கூட்டத்துக்கு வாங்க."

அவ்வளவுதான். வீடு வரைக்கும் தேவபிச்சை முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆத்துமாவைப் பற்றிக் கேட்க வந்தவனிடம் காதைப் பற்றிக் கேட்கிறார். பத்து நிமிஷப் பிரசங்கியிடம் போனது தன் தப்பு என்று ரஞ்சிதத்திடமும் சொன்னார். அவள் மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் நிறையக் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார் ஒன்றே முக்கால் மணி நேரம் பேசினார். ஆர்கன் மெதுவாக வாசிக்க ஆரம்பித்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

"இரட்சிக்கப்பட விரும்புகிறவர்கள் கையை உயர்த்துங்கள்."

தேவபிச்சையின் வலது கை தானாக எழுந்தது. பழக்கம்.

"நன்றாக உயர்த்துங்கள். இன்னும் உயர்த்துங்கள்."

நல்லா நீட்டுலே, நல்லா நீட்டுலே.

கை பாதியில் நின்றது. கண்ணைத் திறந்து, தூக்கிய கையைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக எக்கி எக்கித் தூக்கிய கை. ஒரு தடவையும் எட்டாத கை.

அது மெல்ல மடங்கித் தலைக்கு மேலாகப் போய் இடது காதைத் தொட்டது.

எல்லாம் ஒரு நொடியில் வந்துவிட்டது. சாணி மெழுகிய தரை, சுவரைப் பார்த்து நின்ற அம்மை, குனிந்து வந்த வெள்ளை வேட்டி. அன்றும் கை எட்டவில்லை; எட்ட வைத்தவர் வேறொருவர். காது சுரீரென்றது. தொட்டுட்டான், எழுது.

தேவபிச்சைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சிரிப்பும் வந்தது. எதை முதலில் அடக்குவது என்று தெரியவில்லை.

"ஸ்தோத்திரம், ஆண்டவரே" என்றார். இருபத்திரண்டு வருஷமாக இந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், இன்று வேறு ஒன்றும் கேட்கவில்லை. "ஸ்தோத்திரம். ஸ்தோத்திரம்."

செல்வின் அட்டையும் பேனாவுமாகக் குனிந்து வந்தான். பாதி எழுதியே வைத்திருந்தான்.

"அண்ணாச்சி, தேதி மட்டும்தான் போடணும். இன்னைக்குத் தேதி போட்டுரட்டா?"

"வேண்டாம்ப்பா. எழுதியாச்சு."

"யாரு எழுதினா?"

தேவபிச்சை பிடித்த காதை விடவில்லை. செல்வின் குழம்பிப்போய் அடுத்த வரிசைக்குப் போனான்.

மேடையோரத்தில் மற்றவர்களோடு கண்மூடி உட்கார்ந்திருந்த போதகர் ஆமோஸ் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார்.

ரஞ்சிதம் பயந்துபோனாள். வியாழக்கிழமை ஆபரேஷனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் காதைப் பிடித்தபடி அழுகிறாரே.

"ஏங்க, காது வலிக்கா?"

"ஆமா."

"எப்ப இருந்து?"

"அவர் இழுத்ததுல இருந்து" என்றார் தேவபிச்சை.