காக்கை எடுத்த பிறகு

“எனக்குத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுங்கம்மா.”

மடத்துக் கொல்லையில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்த மங்கை அம்மா திரும்பிப் பார்த்தார்.

நிற்பவர் குற்றாலிங்கம். அம்மாவைவிட இருபது வயது மூத்தவர், ஆனாலும் அவர்தான் சிஷ்யர். சிகாகோவிலிருந்து வாராவாரம் போனில் உபதேசம் கேட்பார். கேட்டதில் கால்வாசிகூடக் கடைப்பிடிக்க மாட்டார்.

தென்காசிக்கு வந்து ஐந்து நாளாகிறது. தம்பி பால்வண்ணம் படுத்த படுக்கையாகிவிட்டான். மருந்து மயக்கம் தெளிந்து அவன் கண் திறப்பது காலை பத்திலிருந்து பதினொன்று வரைதான்.

தாயார் இறந்தபோது குற்றாலிங்கத்தின் விமானம் தாமதம். காத்திருக்காமல் உடலை எடுக்கச் சொல்லிவிட்டான் தம்பி. “நீ எனக்குத் தம்பியே இல்லை” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போனவர், பதினோரு வருஷம் பேசவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் இப்போது வந்திருக்கிறார். தினமும் பத்து மணிக்குக் கட்டிலருகே நாற்காலி போட்டு உட்காருகிறார். உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறார். சிகாகோவில் அது நடுராத்திரி. உடம்புக்கு அந்தக் கணக்குதான் தெரிகிறது.

மாத்திரை போட்டார், சூடாகப் பால் குடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போக வேண்டும். இன்றைக்குப் புதன்.

“ராத்திரி என்ன பண்ணுறீங்க?”

“பசிக்குதும்மா. எந்திரிச்சு இருக்கிறதைச் சாப்பிடுறேன்.”

“எப்ப வேணும்னாலும் சாப்பிடுங்க. முதல்ல காக்காவுக்கு ஒரு பிடி வைங்க. அது எடுக்கிறதை உங்க கண்ணால பாத்துட்டு, அப்புறம் சாப்பிடுங்க.”

அவ்வளவுதான். அம்மா அவரைக்காய்க்குத் திரும்பிவிட்டார்.

ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே, இதில் என்ன உபதேசம் என்று குற்றாலிங்கத்துக்கு எரிச்சல்.

அன்று ராத்திரி இரண்டு மணிக்குப் பசித்தது. மொட்டைமாடிச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துவிட்டு நின்றார். குற்றாலிங்கத்துக்காகத் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளக் காக்கைக்கு என்ன தலையெழுத்து? கிழக்கே வெளுத்து, வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் வந்தது.

ஆறு இட்லி தின்றார். பத்து மணிக்கு நாற்காலியில் வழக்கம்போல் தூங்கினார். எழுந்தபோது ராத்திரி ஏழு. காக்கையெல்லாம் கூடடைந்துவிட்டன. மறுபடி விடியும் வரை பச்சைத் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை காலை நேரே மடத்துக்குப் போனார்.

“தூக்கம் கேட்டேன். பட்டினி போட்டுட்டீங்களேம்மா.”

“காக்கா வரலையா?”

“விடியும்போது வந்துச்சு.”

“மத்தியானம்?”

“நான் தூங்கிட்டேன்.”

“அப்ப அது வந்திருக்கும்.”

குற்றாலிங்கம் வீட்டுக்கு நடந்தார்.

உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று அன்று அந்த நாற்காலிப் பக்கமே போகவில்லை. கண் சொருகச் சொருக, வெயிலில் தெருவை அளந்தார். மத்தியானம் காக்கை எடுத்த பிறகு சாப்பிட்டார். பொழுது சாயுமுன் இன்னொரு தரம். எட்டு மணிக்குப் பாயில் விழுந்தவர் விடியும் வரை புரளக்கூட இல்லை.

சனிக்கிழமை பத்து மணி. பால்வண்ணம் கண் திறந்தான். அண்ணன் விழித்திருந்தார்.

“தம்பி, அன்னைக்கு நான் சொன்னது...”

“முழிச்சிட்டியாண்ணே?” என்றான் அவன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “உன்னை எழுப்பக் கூடாதுன்னு நான்தான் வீட்டுல சொல்லி வச்சிருந்தேன்.”

“ஏம்ல?”

“தூங்கினாலும் பக்கத்துல இருந்தியே. முழிச்சா கோவிச்சுக்கிட்டுப் போயிருவியோன்னு பயந்தேன்.”