பதின்மூன்றாவது துண்டு

சலேத்தம்மாளைக் கழித்துவிட்டார்கள். காரணம், அவளுக்குப் பாதம் இல்லை.

கடற்கரையோரம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஆதரவற்றோர் இல்லம் அது. பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதன் நினைவாக, பங்குச்சாமியார் அங்கே பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவித் துடைத்து முத்தமிடுவார். இந்த வருடம் தன் முறை என்று சலேத்தம்மாள் நம்பியிருந்தாள். நல்ல சேலை ஒன்றைத் தலையணைக்கடியில் மடித்து வைத்திருந்தாள்.

போன மழைக்காலத்தில் சர்க்கரை வியாதி அவளுடைய இரண்டு பாதங்களையும் கொண்டுபோயிற்று. அதோடு அவள் முறையும் போயிற்று.

கேள்விப்பட்ட ஜெனோவா கொதித்தாள். சட்டம் படித்துவிட்டு நேராக மடத்துக்கு வந்தவள். உயிர்ப்பு விழா முடிந்ததும் துறவற உறுதிமொழியான முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரி ஆகவேண்டியவள். வாயாடி என்று மடமே சொல்லும். அவளும் மறுக்கமாட்டாள்.

நேரே மதர் பெர்க்மான்ஸிடம் போனாள். மதர் என்றதும் நரைத்த தலையை நினைக்க வேண்டாம். வெளியில் பார்த்தால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். பூசைக்கான துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“இது அநியாயம், மதர்.”

“எது?”

“கால் போனது சலேத்தம்மா தப்பா? கால் இல்லாதவங்களுக்குக் கடவுளும் இல்லையா?”

“அவங்களை வேண்டாம்னு சொன்னது நான்தான்.”

ஜெனோவா ஒரு கணம் தடுமாறினாள். ஒரே ஒரு கணம்.

“அப்ப தப்பு உங்க மேலதான்.”

“ஆமா. எல்லார் முன்னாலயும் சங்கடப்படுவாங்கன்னு நானா நினைச்சுக்கிட்டேன். தப்புதான்.”

எதிராளி இப்படிச் சட்டென்று ஒத்துக்கொண்டால் வாதாட வந்தவள் என்னதான் செய்வாள்? தயார் செய்து வந்த மிச்சத்தையும் கொட்டினாள்.

“முழங்காலைக் கழுவட்டும். கையைக் கழுவட்டும். ஏழைகளுக்கு ஊழியம்னு சொல்லித்தான நாம இருக்கோம்? நாளைக்கே என்னை மடகாஸ்கர்ல இருக்கிற நம்ம இல்லத்துக்கு அனுப்பினா, அங்கயும் இதே கதைதானா? இதுக்கு ஒரு நியாயம் கிடைக்காம நான் வார்த்தைப்பாடு கொடுக்கமாட்டேன். பெட்டியைக் கட்டிட்டு வீட்டுக்குப் போறேன்.”

மதர் ஒரு துண்டின் ஓரத்தை நீவிவிட்டார்.

“சலேத்தம்மா என்ன கேட்டாங்க?”

“அவங்க எங்க கேட்பாங்க? அவங்களுக்கு நன்றி சொல்ல மட்டும்தான் தெரியும்.”

உண்மைதான். தண்ணீர் கொடுத்தால் நன்றி தாயி. தலை வாரிவிட்டால் நன்றி தாயி. மலச்சட்டியை எடுத்தால் கண் கலங்க நன்றி தாயி. வீடுகளில் யாரும் யாரிடமும் சொல்லாத அந்த வார்த்தை இல்லத்தில் மட்டும் ஓயாது. கேட்க ஜெனோவாவுக்குப் பிடிக்கும்.

“நீ கேட்டியா?”

“என்னத்த?”

“அவங்களுக்கு என்ன வேணும்னு.”

காலையிலிருந்து சமையலறை, தோட்டம், கோயில் என்று எல்லா இடத்திலும் சலேத்தம்மாளுக்காகச் சண்டை போட்டிருந்தாள். சலேத்தம்மாளிடம் மட்டும் போகவில்லை.

பன்னிரண்டு துண்டுகள் அடுக்கியாகிவிட்டன. மதர் இன்னொன்றை எடுத்து, மடித்து, ஜெனோவாவின் கையில் வைத்தார்.

“கேளு. அவங்க சொல்றபடி செய்.”

ஜெயித்துவிட்டோம் என்று துண்டோடு நடந்தாள்.

குழாயடியில் தேர்வான பெரியவர்கள் சோப்புப் போட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சாமியார் கழுவுவதற்கு முன்னால் தாங்களே கழுவிவிடுவது அங்கே வழக்கம்.

“நல்லாத் தேயும்வே,” என்றார் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம். “சாமியார் முத்தம் கொடுக்கணும்லா. மயங்கி விழுந்திரப் போறாரு.”

சலேத்தம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். ஒரு காலத்தில் தலையில் மீன்கூடையோடு ஊர் ஊராக நடந்தவள்.

“வா வக்கீலம்மா. எனக்காவ சண்டைக்குப் போனியாமே?”

“ஜெயிச்சிட்டேன். உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க.”

“எது கேட்டாலுமா?”

“எது கேட்டாலும். மதரே சொல்லியாச்சு.”

“பேச்சு மாற மாட்டியே?”

“மாற மாட்டேன்.”

“அப்ப ஒரு பேசின்ல வெந்நி கொண்டா.”

கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தரையில் மண்டியிட்டாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

“கீழ என்ன தேடுத? மேல ஏறி உக்காரு. செருப்பைக் கழத்திட்டுக் காலை நீட்டு.”

“என் காலையா?”

“பின்ன, என் காலையா?”

ஜெனோவா துள்ளி எழுந்தாள்.

“ஐயோ, வேண்டாம்மா. நீங்க என் காலைத் தொடவே கூடாது. இது சரியில்ல. நான் உங்களுக்குச் செய்ய வந்தவ.”

“அப்ப நான் எதுக்கு வந்தவ?”

ஜெனோவா பேசினைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. தோளில் கிடந்த துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

செருப்பைக் கழற்றினாள்.

கால் அழுக்காக இருந்தது. அவள்தான் முன்கூட்டியே கழுவவில்லையே.

சலேத்தம்மாள் அவசரப்படவில்லை. வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். விரல்களுக்கு நடுவில் கழுவினாள். குதிகாலுக்கு வந்ததும் கை நின்றது.

“இப்படியா வெடிக்க விடுவ? எங்க பின்னால ஓடி ஓடி, இதைப் பாக்க நேரமில்லாமப் போச்சு, என்ன?”

துண்டை வாங்கி ஒற்றி எடுத்தாள். குனிந்து முத்தமிட்டாள்.

ஜெனோவாவிடமிருந்து ஒரு வார்த்தைதான் வந்தது.

“நன்றிம்மா.”

சலேத்தம்மாள் நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னொரு தரம் சொல்லு, பிள்ள. இத்தனை வருசமா நானே சொல்லிக்கிட்டு இருந்தேனா, கேக்க எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு.”