பொம்மை பார்க்கும் பக்கம்

நொய்யல் கரையில் சிறிய மடம் ஒன்று இருந்தது. அதை நடத்தி வந்த அம்மையாருக்கு நாற்பது வயது இன்னும் ஆகவில்லை. அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டிருந்த பழனிவேலப்பனுக்கு ஐம்பத்தாறு.

வேலப்பன் கண்காணிப்பு கேமரா நிறுவனம் வைத்திருந்தார். காந்திபுரத்தில் ஒரே அறையில் தொடங்கியது. இப்போது ஏழு ஊர்களில் கிளை. நகைக்கடை, மில், பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், எங்கு நிமிர்ந்து பார்த்தாலும் அவருடைய கேமரா.

அன்று காலை அவர் வந்தபோது அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, என் வீட்டுக்குக் கண்ணு பட்டிருச்சுங்க."

"யார் சொன்னது?"

"யாரு சொல்லோணும்? வீட்டுக்குள்ள கோதை என்கூடப் பேசி மூணு வாரமாச்சு. கட்டுன பொண்டாட்டிங்க. இன்னைக்கு மத்தியானப் பஸ்ஸுக்குத் தாராபுரத்துல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். பெட்டி கட்டி வெச்சிருக்கா. திரும்பி வர்றதாத் தெரியலைங்க."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்.

"என்ன அது?"

"வீட்ல எது அசைஞ்சாலும் போன் சொல்லிரும்ங்க. கம்பெனியோட புதுக் கேமராங்க. முதல்ல என் வீட்லதான் மாட்டிப் பார்த்தேன்."

"இப்ப என்ன அசைஞ்சது?"

"பூனைங்க."

அம்மையார் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார். "உட்காருங்க. ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"ஒரு வார்த்தை கடிஞ்சு சொன்னதில்லைங்க. அரிசி களையறப்ப தண்ணி ரொம்பப் போனா, ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டுச் சொல்லுவேன். மத்தியானம் நேரம் போறது தெரியாமத் தூங்கிட்டா, கூப்பிட்டு எழுப்பி விடுவேன். அவ்வளவுதான்."

போன் அதிர்ந்தது.

"மறுபடி பூனையா?"

"கொடித் துணிங்க. காத்துக்கு ஆடுது."

அவர் உட்காரவில்லை. தூணுக்கும் வாசலுக்குமாக நடந்தார்.

"கண்ணு படாம இருக்க ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டார் அம்மையார்.

"செய்யாம இருப்பனுங்களா? கம்பெனி வளர்றப்ப வயிறெரியறவங்களும் வளர்றாங்க. கிளை திறக்கிற அன்னைக்கே வாசல்ல திருஷ்டிப் பொம்மை கட்டிருவேன். கொம்பு, கோரைப்பல், நாக்கு, எல்லாம் இருக்கும். ஆளை விட்டுக் கட்ட மாட்டேன். என் கையாலதான்."

"எந்தப் பக்கம் பார்த்துக் கட்டுவீங்க?"

வேலப்பன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். "என்னங்கம்மா, இதுகூடத் தெரியாதா? தெருவைப் பார்த்துத்தான். கண்ணு எந்தப் பக்கம் இருந்து வருதோ அந்தப் பக்கம் முகம் இருக்கோணும். மாத்திக் கட்டுனா நம்மளையேதான் முறைச்சுட்டு இருக்கும்."

"ஓகோ."

போன் அதிர்ந்தது. இந்த முறை அவர் அதை உடனே வைக்கவில்லை.

"கோதை நாற்காலி மேல ஏறுறாளுங்க."

"எதுக்கு?"

"கையில பொம்மை வெச்சிருக்கா. எட்டாவது கிளைக்குன்னு வாங்கி வெச்சிருந்தது." அவர் முகம் தெளிந்தது. "பார்த்தீங்களா, அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு, வீட்டுக்குக் கண்ணு பட்டிருக்குன்னு. நான் சொல்லலை. இனிப் போக மாட்டா."

சிறிது நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உச்சுக் கொட்டினார்.

"அடடா. வாசல்ல கட்ட வேண்டியதைக் கேமரா முன்னாடி கட்டிட்டா. இப்ப அவளையே தெரியலை. பொம்மைதான் தெரியுது. இருங்க, கூப்பிட்டுச் சொல்லிடறேன்."

"கொஞ்சம் குடுங்க," என்றார் அம்மையார்.

போனை வாங்கிப் பார்த்தார். பிறகு அவரிடமே நீட்டினார்.

"இதுல பொம்மையோட முகம் தெரியுதா, முதுகு தெரியுதா?"

வேலப்பன் பார்த்தார். கொம்பு. கோரைப்பல். தொங்கும் நாக்கு.

கட்டிய கயிற்றில் பொம்மை மெல்ல ஆடியது. வீட்டில் ஏதோ அசைகிறது என்று அவர் கையில் போன் அதிர்ந்தது.